குரோஷா பொம்மை பின்னுகிறவளிடம் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

பேருந்தில் உட்கார்ந்து பின்னினாலும் சரி, கல்யாண மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்து பின்னினாலும் சரி, பக்கத்தில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் பேச்சுக் கொடுத்துவிடுகிறார். கேள்விகள் அநேகமாக அதேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

அமிகுருமி, அமிகுருமி என்கிறார்களே, அது என்ன? குரோஷாதானே இது?

குரோஷா என்பது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலை. அந்த வேலையில் செய்த பஞ்சடைத்த பொம்மைக்குப் பெயர் அமிகுருமி. ஜப்பானிய மொழியில் 'அமி' என்றால் பின்னல், 'நுய்குருமி' என்றால் பஞ்சடைத்த பொம்மை, இரண்டையும் ஒட்டிச் செய்த சொல். நம் வீடுகளுக்குக் குரோஷா புதிது கிடையாது. டிவி மேல் விரித்த வெள்ளை விரிப்பு, தலையணை உறை ஓரத்து லேஸ் எல்லாம் அம்மா, சித்தி காலத்துச் சமாச்சாரம்தான். ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்துப் பெண்கள் பின்னும் லேஸும் இதே கொக்கி ஊசியில்தான் உருவாகிறது. ஆனால் லேஸுக்கு ஓட்டைதான் அழகு, பொம்மையில் ஓட்டை தெரிந்தால் உள்ளேயிருந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். அதனால் மிகச் சின்னக் கண்ணியாக, இறுக்கமாக, சுற்றுக்குச் சுற்று முடிச்சுப் போட்டு நிறுத்தாமல் நத்தை ஓடு மாதிரி வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருப்போம்.

ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தால் போதுமா?

ஸ்வெட்டருக்கு இரண்டு நீள ஊசி, இதற்கு ஒரே ஒரு கொக்கி ஊசி. கை பழகியிருக்கும் என்பதைத் தவிர வேறு உதவி கிடைக்காது. ஒன்றும் தெரியாமல் வருகிறவர்கள்தான் பல சமயம் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

3 மி.மீ. ஊசி ஒன்று, கைப்பிடி ரப்பராக இருந்தால் விரல் வலிக்காது. நூலின் உறையில் 4 மி.மீ. ஊசி என்று அச்சிட்டிருப்பார்கள், அது போர்த்திக்கொள்ளும் துணிக்கான கணக்கு, தொளதொளவென்று தொங்க வேண்டும் என்பதற்காக. பொம்மைக்கு அதிலிருந்து ஒன்று, ஒன்றரை மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள்.

நூல் விஷயத்தில், கடையில் 'உல்லன்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான், ஆட்டு ரோமம் அதில் பொட்டுக்கூட இருக்காது. லூதியானாவிலிருந்து வரும் வர்த்தமான், கங்கா உருண்டைகள் பழகுவதற்குப் போதும். ஏப்ரல், மே மாதத்தில் நம் ஊர் வெயிலில் அக்ரிலிக்கைக் கையில் பிடித்தால் உள்ளங்கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும், அப்போது மில்க் காட்டன் என்று விற்கும் நூலுக்கு மாறிவிடுங்கள். பெயரில் பால் இருந்தாலும் அது பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல்.

இரண்டே இரண்டு வகையை மட்டும் முதல் மூன்று மாதம் தொடாதீர்கள். ஒன்று வெல்வெட் நூல், தடவிப் பார்த்தால் முயல்குட்டி மாதிரி இருக்கும், ஆனால் கண்ணி எது, இடைவெளி எது என்று கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று கறுப்பு நூல். என் அக்கா மகள் ஆசையாகக் கேட்டாளே என்று நான் முதன்முதலில் எடுத்தது காக்கா. டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணியை எண்ண முடியாமல் விரலால் தடவித் தடவிப் பின்னி, கடைசியில் வந்தது காக்காவா கத்தரிக்காயா என்று வீட்டில் பட்டிமன்றமே நடந்தது.

சுற்று எங்கே ஆரம்பித்தது என்று காட்ட ஸ்டிச் மார்க்கர் என்று கலர் கலராக விற்கிறார்கள். ஒரு ஊக்கு போதும், அதற்கெல்லாம் காசு செலவழிக்க வேண்டாம்.

உள்ளே என்ன அடைப்பது? வீட்டில் இலவம் பஞ்சு நிறைய இருக்கிறதே?

தலையணைக்கு இலவம் பஞ்சை விட்டால் வேறு கிடையாது என்று நினைக்கிற கட்சிதான் நானும். பொம்மைக்கு மட்டும் வேண்டாம். இழை குட்டையானது, வழவழப்பானது, பின்னல் இடைவெளி வழியாகப் பறந்து வந்து குழந்தையின் மூக்கில் ஏறும். நனைந்தால் கட்டி கட்டியாகத் திரளும், மழைக்காலத்தில் காயவே காயாது. தலையணைக் கடைகளில் 'ஃபைபர்' அல்லது 'ரெக்ரான்' என்று கேளுங்கள், கிலோக் கணக்கில் தருவார்கள்.

அடைக்கும்போது பெரிய உருண்டையாகத் திணிக்காதீர்கள். பஞ்சைப் பிய்த்து, விரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் ஓரமாக முதலில் வைத்து அப்புறம் நடுவில் வையுங்கள். கழுத்தில் மட்டும் நினைப்பதைவிட இரண்டு மடங்கு அடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் தலை மார்பில் சாய்ந்துவிடும். வெட்டிய நூல் துணுக்குகளை அடைக்கலாமா என்று சிக்கனக்காரர்கள் கேட்பார்கள். அடர் நிறப் பொம்மை என்றால் அடையுங்கள். வெள்ளைப் பொம்மையில் சிவப்புத் துணுக்கு வெளியே தெரியும், அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

எங்கே பார்த்தாலும் 6, 12, 18 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன கணக்கு?

இது பிடிபட்டால் பாதிப் பொம்மை பின்னிய மாதிரி.

நாம் போடும் சிங்கிள் குரோஷே என்ற அடிப்படைக் கண்ணி ஏறக்குறைய ஒரு சின்னச் சதுரம், அகலமும் உயரமும் கிட்டத்தட்ட சமம். மேஜிக் ரிங் எனப்படும் இழுத்து இறுக்கும் வளையத்தில் 6 கண்ணி போடுகிறோம். அடுத்த சுற்று 12, அதற்கடுத்தது 18, இப்படிச் சுற்றுக்கு ஆறு கூட்டினால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவது என்றால் ஒரே கண்ணிக்குள் இரண்டு போடுவது, குறைப்பது என்றால் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்குவது. காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி கூடினால் சுற்றளவு இரண்டு பை (2π), அதாவது ஆறு சொச்சம் கண்ணி கூட வேண்டும். சொச்சத்தை நூல் தானே இழுத்துச் சரிக்கட்டிக்கொள்ளும்.

இப்போது பந்துக்கு வாருங்கள். 36 கண்ணி வரை கூட்டினால் அதற்கு 6 சுற்று ஆகியிருக்கும். பந்தின் உச்சியிலிருந்து அடிவரை மேற்பரப்பில் விரலை ஓட்டினால் அந்தத் தூரம் சுற்றளவில் பாதி, அதாவது 18 சுற்று. கூட்டிய சுற்று 6, அதே போல் குறைக்கப் போகும் சுற்று, கடைசி ஆறு கண்ணியை இழுத்துக் கட்டுவதையும் சேர்த்து 6, மீதி நடுவில் கூட்டாமல் குறைக்காமல் 6. எத்தனை பெரிய பந்தாக இருந்தாலும் இதே விகிதம்தான், 30 என்றால் ஐந்து ஐந்து ஐந்து, 48 என்றால் எட்டு எட்டு எட்டு. உங்கள் கை கண்ணியைக் கொஞ்சம் குட்டையாகப் போடும் கை என்றால் நடுவில் ஒரு சுற்று கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

என் வட்டம் தட்டையாக வரவில்லை. ஒரு முறை கிண்ணமாகிறது, இன்னொரு முறை பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது.

கிண்ணமானால் எங்கோ கூட்ட மறந்திருக்கிறீர்கள். நெளிந்தால் அதிகமாகக் கூட்டியிருக்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணுங்கள், டீ குடிக்க எழுந்து போவதற்கு முன்னால் கட்டாயம் எண்ணுங்கள்.

அந்த நெளிவைக் குறையாகவும் நினைக்க வேண்டாம். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர் வேண்டுமென்றே கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், ஹைப்பர்போலிக் தளம் என்று கணிதத்தில் சொல்லும் வளைபரப்பை, கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்கிற மாதிரி குரோஷாவில் செய்து காட்டினார். நமக்குக் கோழிக்கொண்டை பின்ன அதே உத்தி.

வட்டம் வருகிறது, ஆனால் ஆறு மூலை தெரிகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் கூட்டும் கண்ணியைப் போன சுற்றில் கூட்டிய கண்ணிக்கு மேலேயே போடுகிறீர்கள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இடத்தை நகர்த்துங்கள். உதாரணமாக 'மூன்று போட்டு ஒன்று கூட்டு' என்று இருந்தால் அந்தச் சுற்றை ஒன்றில் ஆரம்பித்து, ஒன்று கூட்டி, மீதி இரண்டைப் போடுங்கள். எண்ணிக்கை மாறாது, மூலை மறைந்துவிடும்.

யூடியூபில் சிங்கிள் என்கிறார்கள், அம்மாவின் பழைய புத்தகத்தில் டபுள் என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. அமெரிக்கப் பெயரில் சிங்கிள் குரோஷே என்பதுதான் பிரிட்டிஷ் பெயரில் டபுள் குரோஷே. பழைய புத்தகங்கள் பல பிரிட்டிஷ் வழக்கில் இருக்கும், இணையத்தில் பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. எதைப் பார்த்துப் பின்னுகிறோம் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளாவிட்டால் கரடி, ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்குப் போய்விடும்.

என்னுடையதில் மட்டும் பின்னல் பார்க்க வேறு மாதிரி இருக்கிறதே?

பத்தில் எட்டுப் பேர் பொம்மையை உள்பக்கம் வெளியே வைத்துப் பின்னுகிறார்கள். வெளிப்பக்கத்தில் குட்டி குட்டியாக 'வி' எழுத்து வரிசை தெரியும், உள்பக்கத்தில் குறுக்குக் கோடுகள் தெரியும். குறுக்குக் கோடு உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் காலுறையைப் புரட்டுவது போல் புரட்டிவிட்டு மேலே போங்கள்.

இடையிடையே ஓட்டை விழுகிறது, குறைக்கும் இடத்தில் முடிச்சு மாதிரி துருத்துகிறது.

ஓட்டைக்கு இரண்டு வைத்தியம். ஊசியின் அளவைக் குறையுங்கள். அல்லது கண்ணிக்குள் ஊசியை விட்டபின் நூலை ஊசிமேல் சுற்றாமல், ஊசியை நூலுக்கு மேலே கொண்டுபோய்க் கொக்கியால் பற்றி இழுங்கள். 'வி' போய் 'எக்ஸ்' மாதிரி கண்ணி வரும், நெருக்கமாகவும் இருக்கும். ஆனால் ஒரே பொம்மையில் தலையை ஒரு விதமாகவும் உடம்பை இன்னொரு விதமாகவும் பின்னாதீர்கள், அளவு மாறிவிடும்.

குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் தலையிலும் தெரியும் இரண்டு இழைகளில் முன்பக்க இழையில் மட்டும் ஊசியை அடுத்தடுத்து நுழைத்து, நூலை இழுத்து, வழக்கம்போல முடியுங்கள். எங்கே குறைத்தோம் என்று நமக்கே தெரியாது. இதைச் சொல்லிக்கொடுக்காமலேயே விட்டுவிடும் வீடியோக்கள் மேல் எனக்கு நிரந்தரக் கோபம்.

சொந்தமாக டிசைன் செய்வது எப்படி? வரையத் தெரிய வேண்டுமா?

எனக்கு வரையத் தெரியாது. எந்த உருவத்தைப் பார்த்தாலும் அதில் பந்து எங்கே, குழாய் எங்கே, கூம்பு எங்கே என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். பந்துக்குக் கணக்கு மேலே சொன்னது. குழாய் என்றால் வேண்டிய அகலம் வரை கூட்டிவிட்டு அப்புறம் கூட்டாமல் போய்க்கொண்டே இருப்பது. கூம்பு என்றால் சுற்றுக்கு ஆறு கூட்டாமல் இரண்டோ மூன்றோ மட்டும் கூட்டுவது. அடிப்பாகம் தட்டையாக நிற்க வேண்டுமென்றால் கூட்டுவதை நிறுத்தும் முதல் சுற்றைக் கண்ணியின் பின் இழையில் மட்டும் பின்னுங்கள், டப்பா மாதிரி விளிம்பு மடியும்.

கத்தரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே சாயங்காலத்தில் முடியும். ஊதா நூலில் 6, 12, 18, 24, 30 என்று ஐந்து சுற்று. அதற்கப்புறம் 30இலேயே ஆறு சுற்று, இதுதான் காயின் குண்டு. 12ஆவது சுற்றில் 'மூன்று போட்டு ஒன்று குறை' என்று ஆறு தடவை, 24 ஆகும். அப்படியே மூன்று சுற்று. 16ஆவது சுற்றில் 'இரண்டு போட்டு ஒன்று குறை', 18 ஆகும், அப்படியே இன்னும் இரண்டு சுற்று. இப்போது பஞ்சை அடையுங்கள். அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்ததில் 6, நூலை வெட்டி, ஆறு கண்ணி வழியாகவும் தையல் ஊசியை ஓட்டி இழுத்துக் கட்டுங்கள். பந்துக்கும் இதற்கும் ஒரே வேறுபாடு குறைப்பதை அவசரமாகக் குறைக்காமல் நின்று நின்று குறைத்ததுதான், அதிலேயே உருண்டை போய்க் காய் வந்துவிட்டது.

பச்சைத் தொப்பிக்கு 6, 12 என்று இரண்டு சுற்று. அப்புறம் 4 செயின், அதாவது சங்கிலிக் கண்ணி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் ஆரம்பித்து மூன்று சிங்கிள் போட்டுத் திரும்பி வந்து, வட்டத்தில் ஒரு கண்ணி விட்டு அடுத்ததில் ஸ்லிப் ஸ்டிச், அதாவது உயரமில்லாமல் ஒட்டவைக்கும் கண்ணி. இப்படி ஆறு தடவை செய்தால் ஆறு முள். மேலே காம்புக்கு நாலு கண்ணியில் ஒரு குட்டிக் குழாய். இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் தைத்துவிட்டால் விற்பனைக்கே ரெடி.

பெரிய பொம்மை வேண்டுமானால் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால் போதுமா?

போதும், ஆனால் கடைக்குப் போகும் முன் யோசியுங்கள். உயரம் இரண்டு மடங்கானால் நூல் நாலு மடங்கு, பஞ்சு எட்டு மடங்கு. சுலபமான வழி, எண்ணிக்கையை மாற்றாமல் நூலை இரட்டையாகப் பிடித்து 4, 4.5 மி.மீ. ஊசியில் பின்னுவது. ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வளரும், கணக்கு மாறாது.

கண் வைத்த பிறகு முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது. என்ன தப்பு?

கண்ணை மேலே வைத்திருப்பீர்கள். தலையின் நடுக்கோட்டுக்கு ஒன்றிரண்டு சுற்றுக் கீழே இறக்குங்கள், இரண்டு கண்ணுக்கும் இடையில் நன்றாக இடம் விடுங்கள், மூக்கைக் கண்ணுக்கு வெகு கீழே வைக்காமல் கிட்டத்தட்ட அதே வரிசைக்குக் கொண்டுவாருங்கள். பெரிய நெற்றி, கீழே இறங்கிய பெரிய கண், உப்பிய கன்னம் இருந்தால் பார்ப்பவருக்குக் கொஞ்சத் தோன்றும் என்று கொன்ராட் லோரன்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1943இலேயே எழுதியிருக்கிறார், கைக்குழந்தையின் முகம் அப்படித்தானே இருக்கிறது. 36 கண்ணித் தலைக்கு நான் ஏழெட்டுக் கண்ணி இடைவெளி விடுவேன்.

எண்ணி வைப்பதை மட்டும் முழுக்க நம்பாதீர்கள். வளைந்து வளைந்து பின்னும்போது வலக்கைக்காரர்களுக்குக் கண்ணி சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகும், இடக்கைக்காரர்களுக்கு இடப்பக்கம். நெற்றிக்கு நேர் கீழே என்று கண்ணியைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் வாய் காதுப்பக்கம் போய் நிற்கும். குண்டூசியால் குத்தி வைத்து, கைநீட்டித் தள்ளி வைத்துப் பார்த்து, ஒரு மணி நேரம் அதை மறந்துவிட்டு மறுபடி பார்த்துவிட்டுத் தையுங்கள்.

பிளாஸ்டிக் கண் பாதுகாப்பானதா? சேஃப்டி ஐஸ் என்றுதானே பெயர்?

பெயர்தான் அப்படி. உள்ளே வாஷர் போட்டு அழுத்தினால் கண் கழன்று வராது என்பது நிஜம், ஆனால் பல் முளைக்கும் குழந்தை பின்னலையே கடித்து விரித்துவிட்டால் வாஷரோடு சேர்ந்து வெளியே வரும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையில் நான் நூலால்தான் கண் தைப்பேன், பட்டன், மணி எதுவும் கிடையாது. பொம்மைச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள குட்டி உருளை ஒன்று வைத்திருப்பார்கள், அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் அந்த வயதுக்கு ஆபத்து என்று கணக்கு. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வாய், அவ்வளவுதான். கையையும் காதையும் தைக்கும்போது அதை நினைத்துக்கொண்டு இரண்டு சுற்றுத் தையுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு பொம்மைப் படம் வந்தது, அதே மாதிரி எனக்குப் பின்னித் தருவீர்களா?

அனுப்புங்கள், ஆனால் இப்போதெல்லாம் பாதிப் படங்கள் கணினி உருவாக்கியவை, யாரும் பின்னாதவை. கண்ணி வரிசையை விரலால் பின்தொடர்ந்து பாருங்கள். நிஜப் பொம்மையில் வரிசை தலையைச் சுற்றிப் போய்த் திரும்பி வரும். போலிப் படத்தில் பாதி வழியில் ஸ்வெட்டர் பின்னலாகவோ மயிராகவோ மாறிப்போகும், உள்ளங்கை அளவுப் பொம்மைக்கு ஐந்து விரலும் நகமும் இருக்கும். இந்தப் படங்களைப் போட்டு பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு விற்கிற ஆட்களும் உண்டு. காசு கொடுத்து வாங்கி, கணக்கே ஒத்துவராத ஒரு யானையோடு இரண்டு நாள் நானும் மல்லுக்கட்டியிருக்கிறேன். வாங்குமுன், பின்னி முடித்தவர்கள் போட்ட படம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கரடிக்கு 900 ரூபாயா? கடையில் 250க்குக் கிடைக்கிறதே?

கடைப் பொம்மை துணியை வெட்டி மெஷினில் தைத்தது. குரோஷா கண்ணியை அப்படிப் போட்டுத் தள்ளும் மெஷின் கடைச் சரக்குக்குப் பழக்கத்தில் இல்லை, எங்கே குரோஷா பொம்மையைப் பார்த்தாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 250க்கு குரோஷா பொம்மையே கிடைக்கிறது என்றால் அந்த யாரோ ஒருவருக்கு என்ன கூலி போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். என் கரடி ஒரு சாண் உயரம்கூட இருக்காது, ஏழெட்டு மணி நேரம் எடுக்கும். நூல், பஞ்சு செலவைக் கழித்துவிட்டு மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.

நானும் விற்கலாமா? லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. தொழிலாகவே செய்ய நினைத்தால் முதலில் அந்தக் கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். டோரேமான், பிகாச்சு மாதிரி ஊரறிந்த கார்ட்டூன் முகங்களைச் செய்து விற்பது வேறு வம்பு. அந்த உருவத்துக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் குழந்தைக்குச் செய்து கொடுங்கள், விலைப்பட்டியலில் போடாதீர்கள்.

துவைக்கலாமா?

தண்ணீரில் ஷாம்பூ கலந்து முக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், பழைய துண்டில் சுருட்டி அழுத்துங்கள். கொடியில் காதைப் பிடித்துத் தொங்கவிட்டால் காது நீண்டுவிடும், முறத்தில் படுக்க வைத்துக் காயவைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் துவைக்கவே வேண்டாம்.

ஆர்டர் எடுப்பீர்களா?

எடுப்பேன், மாதத்துக்கு நாலைந்து. காக்காகூடச் செய்து தருவேன், இப்போது கை வந்துவிட்டது. முழுக்கறுப்பு அண்டங்காக்கைக்குத்தான். நம் வீட்டு மாடியில் சோற்றுக்கு வருகிற காக்காவுக்குக் கழுத்து சாம்பல் நிறம், அதை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. இப்போதெல்லாம் தலைக்கும் உடம்புக்கும் கறுப்பை விட்டுவிட்டுக் கரும்சாம்பல் நூல் எடுக்கிறேன், கழுத்துக்கு வெளிர்சாம்பல் நாலு சுற்று, அலகுக்கு மட்டும் கறுப்பு: 4, 6, 8, 10, நாலே சுற்றுதான், தடவிப் பார்த்தே பின்னிவிடலாம். அக்கா மகள் இப்போது பத்தாம் வகுப்பு. பழைய காக்காவை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறாள், கத்தரிக்காய் என்றுதான் கூப்பிடுகிறாள்.